ஒரு வீட்டில் இரண்டு இலாகா

பிப்ரவரி 4

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம். காது டாக்டரம்மா ஸ்கேன் அறிக்கையின் நகலை எனக்கும் அனுப்பியிருந்தார். நீ ஃபோனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் புரிந்தவரை விஷயம் இதுதான். மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு பாப்பாவின் உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொண்டே வருகிறது. வலது பக்கம் முழுதாக அடைத்துவிட்டது, அங்கே இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இடது பக்கம் இன்னும் வழி இருக்கிறது. அந்த வழியாக ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி, வெளியே கருவியைப் பொருத்தினால், பேச்சைக் கேட்க வாய்ப்பு உண்டு. ஆனால் இடது காதில் இப்போது மிச்சம் இருக்கிற கொஞ்சநஞ்சமும் அதோடு போய்விடும். செய்யாமல் விட்டால் அந்த வழியும் ஒருநாள் அடைபடும். எப்போது என்று அவரால் சொல்ல முடியவில்லை. இருபதாம் தேதிக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார். நாம் இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

வழக்கம்போல ஒரு தாளை நடுவில் மடித்து, இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். 'செய்யலாம்' பக்கம் நிரம்பி, ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டியதாயிற்று. 'வேண்டாம்' பக்கத்தில் ஒரே ஒரு வரி. இவ்வளவு தெளிவாக இருந்தும் என்னால் முடிவு சொல்ல முடியவில்லை. நம் வீட்டில் எந்தக் காரியமும் என் இலாகாவோடு முடிந்ததில்லையே.

உனக்கு என்ன தோன்றுகிறது? அதை மட்டும் எழுது.

மாற்றலாகி வந்த இந்த ஊரில் கட்டடங்கள் உயரம், லிஃப்டுகள் பழசு. சோதிக்கிற வேலை நிறைய இருக்கிறது. அறை பரவாயில்லை, ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர் தெரிகிறது.

பாப்பாவின் அப்பா


பிப்ரவரி 8

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. 'பொருள்', 'பார்வை' என்று மேலே இரண்டு வரி போடாததுதான் குறை, மற்றபடி நல்ல அலுவலகக் கடிதம்.

ஃபோனை நான் ஏன் எடுப்பதில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நான் ஃபோனில் பேசினால் பாப்பா எதிரே வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறாள். காது போனதிலிருந்து அவளுக்கு நாட்டு நடப்பு, வீட்டு நடப்பு எல்லாம் என் முகம்தான். போன மாதம் நீங்கள் பேசினீர்களே, அன்றைக்கு நான் ஒரு வார்த்தைகூடக் கோபமாகச் சொல்லவில்லை. வைத்துவிட்டுத் திரும்பினால் அவளுக்கு உதடு துடிக்கிறது. "அப்பா செத்துட்டாரா?" என்று கேட்டாள். எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. எழுதும்போது என் முகம் சும்மா இருக்கிறது. அதனால் எழுதுங்கள்.

என்ன தோன்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் தோன்றவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, உள்ளே அப்படி இருக்கிறது. பெயிண்ட் கடையிலும் அப்படித்தான். முன்பெல்லாம் யாராவது சுவரிலிருந்து பெயர்ந்த சில்லைக் கொண்டுவந்து நீட்டினால், மெஷின் அதைப் படித்து எண் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும், இதில் கறுப்பு ஒரு சொட்டுக் கூடுதல், மஞ்சள் மட்டு என்று. இப்போது மெஷின் சொல்வதைக் கலந்து, மூடியைத் தட்டிக் கொடுத்துவிடுகிறேன். நேற்று ஒருவர் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து, "நீங்க கலந்ததுதானா இது?" என்று கேட்டார். நான்தான் கலந்தேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

பாப்பாவின் இடது காதில் என்ன மிச்சம் என்று உங்களுக்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் மிச்சம் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு, ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் இடது காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். "பேசுது" என்கிறாள். மோட்டார் நின்றதும் வந்துவிடுவாள். மறுபடி ஓடத் தொடங்கினால், தரையில் காலை வைத்தே தெரிந்துகொண்டு ஓடுவாள். உங்கள் தாளில் 'வேண்டாம்' பக்கத்தில் இருக்கிற அந்த ஒரே வரி இதுதானே? 'எஞ்சிய செவித்திறன் இழப்பு' என்று எழுதியிருப்பீர்கள்.

பாப்பாவின் அம்மா


பிப்ரவரி 12

பாப்பாவின் அம்மாவுக்கு,

ஆமாம், அப்படித்தான் எழுதியிருந்தேன். 'எஞ்சிய' என்பதற்குப் பதில் 'மீதமுள்ள'.

உனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை. கல்யாணமான புதிதில் வீடு பார்க்கப் போனோமே. வாடகை, தண்ணீர், வெளிச்சம், பஸ் நிறுத்தம் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு நான் முதலிடம் கொடுத்த வீட்டை, நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்துவிட்டு, "இது வேணாம்" என்றாய். ஏன் என்று கேட்டால் தெரியாது என்றாய். நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷ மழையில் அதன் பின்சுவர் விழுந்தது. அன்றைக்குத்தான் உனக்குத் 'தோணல் இலாகா' என்று பெயர் வைத்தேன். நீ எனக்குக் 'கணக்கு இலாகா' என்று வைத்தாய். அதற்குப் பிறகு இரண்டு இலாகாவும் முத்திரை குத்தாமல் நம் வீட்டில் ஒரு நாற்காலி வாங்கியது கிடையாது.

நீ தப்பும் செய்திருக்கிறாய். பள்ளி வேன் டிரைவரின் பார்வை சரியில்லை என்று பாப்பாவை ஒரு வருஷம் நடத்தியே கூட்டிப்போனாய். பாப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து வராந்தாவில் நின்றுவிட்டுப் போனது அந்த மனிதர்தான். இருந்தாலும் உன் இலாகா தூங்கி நான் பார்த்ததில்லை. தும்மலுக்கெல்லாம் மணி அடிக்கிற இலாகா அது.

அதனால்தான் கேட்கிறேன். ஆறு மாதமாகக் கேட்காமல் இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் நீ ஏன் பேசாமல் இருந்தாய்? பாப்பா சோபாவில் படுத்திருந்தாள். டிவியைப் போடச் சொல்லவில்லை, என்னை வம்புக்கு இழுக்கவில்லை. நீ சமையலறை மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மறுநாள் காலையில் அவளை எழுப்ப முடியாமல் தூக்கிக்கொண்டு ஓடினோம். "நேத்தே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். வந்திருந்தால் காது தப்பியிருக்குமா என்று கேட்டேன், அதைச் சொல்ல முடியாது என்றார். அப்போது நான் உன் முகத்தைத்தான் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இதற்குப் பதில் தெரியாமல் என்னால் எந்தக் கையெழுத்தும் போட முடியாது போலிருக்கிறது.

பாப்பாவின் அப்பா


பிப்ரவரி 17

பாப்பாவின் அப்பாவுக்கு,

என் இலாகா தூங்கவில்லை. லீவில் இருந்தது. லீவு கொடுத்தது நீங்கள்.

அதற்கு முந்தைய மாதம் பாப்பாவை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முதல் தடவை வெறும் சளி. இரண்டாம் தடவை சளிகூட இல்லை. டாக்டர் சிரித்துவிட்டு, பாப்பாவுக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்து அனுப்பினார். டாக்ஸியில் வரும்போது நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னீர்கள்: "உன் இலாகாவுக்குக் கொஞ்ச நாள் லீவு குடேன். பாப்பா பயந்துக்கிறா. எனக்கும் முடியல." நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து நிஜமாகவே கொடுத்தேன். வயிற்றில் ஏதாவது எழுந்தால், இதற்கு என்ன காரணம், என்ன ஆதாரம் என்று உங்கள் குரலிலேயே என்னைக் கேட்டுக்கொள்ளப் பழகினேன். நான் எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்குப் பட்டாணி உரிக்கும்போது எழுந்தது. கேட்டேன். காய்ச்சல் இறங்கியிருக்கிறது, மருந்து கொடுத்தாயிற்று, காரணம் எதுவும் இல்லை. அடங்கிவிட்டது.

அதோடு, நான் உங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பாப்பாவின் பக்கத்தில் தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு அதை அலமாரியில் வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்தீர்கள். கணக்கு இலாகா பார்த்துவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்தேன். உங்கள் கணக்கை நம்பித்தான் அந்தப் பட்டாணியை முழுதும் உரித்தேன். இப்போது வந்து என் முகத்தில் ஏன் சுருக்கம் இல்லை என்று கேட்கிறீர்கள்.

இன்னொன்று. மாற்றல் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். உங்கள் அலுவலகத்து ஆள் ஒருவர் கடைக்குப் பெயிண்ட் வாங்க வந்தார். மாற்றல் வரவில்லை, நீங்கள் கேட்டு வாங்கினீர்கள் என்று சொன்னார். அவருக்கு வெளிர் நீலம் கலந்து கொடுத்தேன். கோபம் வரவேண்டிய இடம்தான், ஆனால் வரவில்லை. பாப்பா நன்றாகத் தூங்குகிறாள். பலகையில் எழுதிப் பேசுவது அவளுக்குப் பழகிவிட்டது.

இருபதாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள். வருவதானால் வாருங்கள். நான் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பாப்பாவின் அம்மா


பிப்ரவரி 22

பாப்பாவின் அம்மாவுக்கு,

இருபதாம் தேதி போய்விட்டது. நான் வரவில்லை, நீயும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அடுத்த இடம் மார்ச் 12 என்றார். அவர் குரலில் அலுப்பு இருந்தது. நியாயமான அலுப்பு.

நீ எழுதியதில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. நான் தெர்மாமீட்டரில் எதையும் பார்க்கவில்லை. அது காலையிலிருந்து சோபா இடுக்கில் கிடந்தது. பாப்பா அதன் மேல் புரண்டு உடைத்துவிடப் போகிறாளே என்று எடுத்து அலமாரியில் வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

குனிந்து அதை எடுக்கும்போது பாப்பா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை என் மேல் நிற்கவில்லை, என்னைத் தாண்டி எங்கோ போயிற்று. இவளுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது. எனக்குத்தான் தோன்றியது. இந்த வயதில் முதல் தடவையாக. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. லிஃப்டில் ஒரு சத்தம் வந்தால் எதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தெரியும். இதற்கு எதைத் திறப்பது? ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே கருவியைப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். நீ நிதானமாகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாய். இந்தத் துறையில் தேர்ந்தவள் நீ. உனக்கே ஒன்றும் இல்லை என்றால் எனக்குத் தோன்றுவது எந்த மூலைக்கு என்று பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உனக்கு லீவு கொடுத்ததே எனக்கு மறந்துவிட்டிருந்தது.

நீ என் கையைப் பார்த்தாய், நான் உன் முகத்தைப் பார்த்தேன். பாப்பாவை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

இதை எழுதி முடித்ததும் ஏதாவது குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை, கூடவும் இல்லை. வேலையிலும் இப்படித்தான் இருக்கிறேன். எல்லாச் சோதனையும் சரியாக வந்த லிஃப்டுக்கு 'ஓடத் தகுதியானது' என்று கையெழுத்துப் போட முடியாமல் மறுநாள் மறுபடி போய்ச் சோதிக்கிறேன். மேலாளர் இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்.

மாற்றல் நான் கேட்டு வாங்கியதுதான். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

பாப்பாவின் அப்பா


பிப்ரவரி 27

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அழுகை வந்துவிடும் என்று பின்னால் கிடங்குக்குப் போய், டப்பாக்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்துவந்து, ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கேட்டிருந்த வெள்ளையைக் கலக்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, நீங்கள் செய்கிற மாதிரி ஒரு தாளை நடுவில் மடித்தேன். மடிப்பு கோணலாக வந்தது. 'வேண்டாம்' பக்கத்தை முதலில் எழுதினேன். மயக்க மருந்து கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது. மறுபடி அந்த வராந்தாவில் போய் உட்கார என்னால் ஆகாது. ஃபிரிட்ஜ் பக்கத்தில் அவள் சும்மா நிற்பதை என்னால் பார்க்க முடியாது. இப்படி எழுதிக்கொண்டே போனேன். படித்துப் பார்த்தால் எல்லா வரியிலும் 'என்னால்' இருக்கிறது. பாப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. உங்கள் வழக்கத்தில் ஒரு நன்மை இருக்கிறது என்று இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். எழுதிப் பார்த்தால் யாருடைய பயம் என்று பெயர் தெரிந்துவிடுகிறது.

அப்புறம் ஒன்று செய்தேன். நாம் இரண்டு பேரும் செய்யாத ஒன்று. பாப்பாவை எதிரே உட்காரவைத்து, பலகையில் எழுதிக் கேட்டேன். இடது காதில் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள், உனக்கு வேண்டுமா என்று.

"பண்ணா நீ பேசறது கேக்குமா?" என்றாள்.

கேட்கலாம், கேட்காமலும் போகலாம் என்று எழுதினேன்.

"ஃபிரிட்ஜ்?"

போய்விடும் என்று எழுதினேன். எழுதுவதற்கு முன், பொய் எழுதிவிடலாமா என்றுகூட இருந்தது.

அவள் எழுந்து போனாள். ஃபிரிட்ஜில் காதை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மோட்டார் நிற்கும்வரை நின்றாள். திரும்பி வந்து, "அது எப்பவும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிட்டிருக்கு. போகட்டும்" என்றாள். பிறகு பசிக்கிறது என்றாள்.

இது எந்த இலாகா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்குத் தோன்றியதா, கணக்குப் போட்டாளா? காதை வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், அவ்வளவுதான் நான் கண்டது. நீங்களும் நானும் வாரக்கணக்காக மோதிக்கொண்ட விஷயத்தை ஒரு டம்ளர் பால் ஆறுவதற்குள் முடித்துவிட்டாள்.

நான் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு இப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. அது வந்த பிறகுதான் என்று காத்திருந்தால் ஆகாது.

பாப்பாவின் அம்மா


மார்ச் 3

பாப்பாவின் அம்மாவுக்கு,

பதினொன்றாம் தேதி மாலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். வீட்டுக்கு வரவில்லை, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொள்கிறேன். காலையில் நேரே அங்கே வந்து கையெழுத்துப் போடுகிறேன். தாளை மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை.

ஃபிரிட்ஜ் சொன்னதைப் பற்றிப் பாப்பா சொன்னதைச் சாப்பிடும்போது நினைத்துச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்தவர் என்ன என்று கேட்டார். சொன்னால் புரியாது என்று விட்டுவிட்டேன்.

பாப்பாவின் அப்பா


மார்ச் 16

பாப்பாவின் அம்மாவுக்கு,

ஆபரேஷன் முடிந்ததும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன். நீ உள்ளே பாப்பாவின் பக்கத்தில் இருந்தாய். அவள் கண் விழிக்கும்போது முதலில் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று இருந்தது. அதில் இருந்ததை அவள் படித்துவிடுவாள்.

டாக்டரம்மா உன்னிடம் சொல்லியிருப்பார். ஆனாலும் என்னிடம் வராந்தாவில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கம்பி பாதிதான் உள்ள போச்சு. அதுக்கு மேல எலும்பு வந்துடுச்சு. பாதியை வச்சும் கேக்கிற குழந்தைங்க இருக்காங்க, பாப்போம்." முதலில் குறித்த தேதியில் வந்திருந்தால் முழுதும் போயிருக்குமா என்று கேட்டேன். "அதை என்னால சொல்ல முடியாது சார்" என்றார். இந்தப் பதில் எனக்கு இரண்டாம் தடவையாகக் கிடைக்கிறது.

இங்கே வந்து அந்த மடித்த தாளை எடுத்துப் பார்த்தேன். 'செய்யலாம்' ஒரு பக்கம், 'வேண்டாம்' ஒரு பக்கம். 'இப்போதைக்கு ஒன்றும் சொல்லாமல் இருப்பது' என்று ஒரு பக்கம் நான் போடவே இல்லை. நாம் செய்தது அதைத்தான். எலும்பு நமக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. இத்தனை வருஷம் கணக்கு இலாகா என்று பெயர் வைத்துக்கொண்டு இந்த ஒரு பக்கத்தை விட்டிருக்கிறேன்.

நேற்று ஒரு பழைய கட்டடத்து லிஃப்டில் ஏறினேன். எல்லாச் சோதனையும் சரி. ஆனால் எனக்கு என்னவோ செய்தது. இந்தத் தடவை யார் முகத்தையும் பார்க்கக் கூடாது என்று அதை நிறுத்தி, முழுதாகப் பிரிக்கச் சொன்னேன். நாள் முழுக்கப் பிரித்தார்கள். ஒன்றும் இல்லை. மாடியில் குடியிருக்கும் ஒரு பெரியவர் படியேறி வந்து, மூச்சு வாங்க என்னைத் திட்டிவிட்டுப் போனார். மறுபடி பூட்டி ஓடவிட்டு, கையெழுத்துப் போட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரே தடவையில் போட்ட கையெழுத்து.

கருவியை அடுத்த மாதம்தான் இயக்கிப் பார்ப்பார்களாம். அன்றைக்கு நான் வரட்டுமா என்று கேட்கத் தைரியம் இல்லை. என்ன நடந்தது என்று மட்டும் எழுது.

பாப்பாவின் அப்பா


ஏப்ரல் 14

கணக்கு இலாகாவுக்கு,

நேற்று இயக்கினார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சின்ன அறை. ஒரு மேஜை, கம்ப்யூட்டர், சுவரில் யாரோ வரைந்த யானை. கருவியைச் சரிசெய்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பாப்பாவின் காதுக்குப் பின்னால் அதை மாட்டிவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க முதல்ல பேசுங்க. எதுவா இருந்தாலும் சரி" என்றாள். ராத்திரி முழுக்க எதைச் சொல்வது என்று யோசித்து, நல்லதாக இரண்டு வாக்கியம் எடுத்து வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. "பாப்பா, பசிக்குதா?" என்று கேட்டேன்.

அவள் முகம் கோணியது. கையை எடுத்துக் கருவியைப் பிடித்துக்கொண்டாள். பிடுங்கி எறியப்போகிறாள் என்று நினைத்தேன். எறியவில்லை.

"இன்னொரு வாட்டி பேசு."

பேசினேன். மழை வரும்போல இருக்கிறது, உன் சட்டையில் பொத்தான் விட்டுப்போயிருக்கிறது, ஆஸ்பத்திரி கேன்டீனில் காபி நன்றாக இல்லை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவள் என் உதட்டைப் பார்க்கிறாள், காதைத் தொடுகிறாள், மறுபடி உதட்டைப் பார்க்கிறாள்.

"அம்மா, நீ ஃபிரிட்ஜ் மாதிரி பேசறே" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. கம்பி பாதிதான் இருக்கிறது, அதனால் ஆரம்பத்தில் குரல் மெஷின் மாதிரித்தான் கேட்கும், பழகப் பழகச் சரியாகலாம், எவ்வளவு சரியாகும் என்று இப்போது தெரியாது என்று என்னிடம் வேகமாகச் சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பாப்பா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆனா ஒரே விஷயத்தை இல்ல" என்றாள்.

எனக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. பல் டாக்டர் போட்ட ஊசியின் மரப்பு விடும்போது முதலில் வருவது வலிதானே, அப்படி. அந்த அறையிலேயே, அந்தப் பெண்ணுக்கு எதிரேயே அழுதேன். பாப்பா என் முகத்தைப் பார்த்துப் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, நான் அழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே ஃபிரிட்ஜிடம் போனாள். கருவியைக் கழற்றிவிட்டுக் காதை வைத்துப் பார்த்தாள். அது வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதை இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டு, கருவியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். உங்கள் 'வேண்டாம்' பக்கத்து வரி அதோடு முடிந்தது.

பாதிக் கம்பியைப் பற்றி நானும் நினைக்காமல் இல்லை. தினமும் நினைக்கிறேன். இருபதாம் தேதி அன்றைக்கு நானும்தான் கடையில் போய் நின்றேன். இதை எத்தனை தடவை மடித்து எழுதினாலும் மற்ற பாதி உள்ளே போகாது.

சாப்பிடும்போது பாப்பா, "இப்ப அப்பா எப்படிப் பேசுவாரு?" என்று கேட்டாள். பலகையை எடுக்கப் போனேன், பிறகு வைத்துவிட்டு, "தெரியல" என்று வாயால் சொன்னேன். அவள் வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்தும் திரும்பி, "ஏன் தெரியல?" என்றாள்.

வந்து பேசுங்கள். எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டுப் பதில் போடாதீர்கள், தாளையும் மடிக்காதீர்கள். பஸ் ஏறுங்கள். அழ வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே அழுதுவிட்டு வாருங்கள். இப்போது அவளுக்கு முகமும் தெரியும், சத்தமும் கேட்கும்.

தோணல்